ஒறம்பரைக்கு முதல் டம்ளர்



மலர் என்றால் பழைய பேராசிரியர்களைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவதே வழக்கம். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுத வல்லவர்கள் நம்மிடையே பலர் உண்டு. எனக்கு ஒதுக்கப்பட்ட இப்பக்கங்களில் ஒரு டம்ளர் பானகத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். "வெல்லத்தண்ணியில என்னப்பா வரலாறு?" என்று கேட்பவர்கள் சற்றே பொறுத்தருள்க. யாருக்கு, எதில், எதை ஊற்றிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஓர் ஊரின் சரித்திரமே அந்த டம்ளருக்குள் தெரிகிறது.

கொங்கு நாட்டில் வீட்டுக்கு வரும் உறவினரையும் விருந்தினரையும் 'ஒறம்பரை' என்போம். உறவின்முறை என்ற சொல்தான் நம் வாயில் இப்படி ஆகியிருக்கிறது. ஒறம்பரை வந்தால் "வாங்கோ" என்று ஒருமுறை சொன்னால் போதாது. படலைத் திறக்கும்போது ஒரு 'வாங்கோ', திண்ணை ஏறும்போது ஒன்று, ஆசாரத்தில் உட்கார்ந்த பிறகு ஒன்று. அதற்குப் பிறகு சொம்புத் தண்ணீர். அதற்கும் பிறகுதான் "என்ன சேதிங்க?" என்ற பேச்சே தொடங்கும். மழை குறைந்த சீமை இது. கிணற்றை வெட்டி வெட்டி ஆழப்படுத்திப் பிழைத்தவர்கள் நாம். ஆகவே தண்ணீர் கொடுப்பது இங்கே வெறும் மரியாதை அல்ல. கையிருப்பில் கொஞ்சம் எடுத்துக் கொடுப்பதாகும். வெயில் காலமாக இருந்தால், அல்லது நோம்பி நாளாக இருந்தால், அந்தத் தண்ணீரில் வெல்லமும் புளிப்பும் சுக்கும் சேர்ந்து பானகம் ஆகும்.

இதைப் படித்துவிட்டு, ஆதிகாலம் தொட்டு நம்மவர்கள் பானகம் கொடுத்தே விருந்தோம்பினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு உண்மை தெரியும். கொங்கின் வடகோடியை அடுத்த தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தன்னிடம் வந்தவர்களுக்குக் கொடுத்தது கள். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு (புறநானூறு 235), கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்ற அழுகையோடுதான் தொடங்குகிறது. அதே ஔவையார் 99ஆம் பாட்டில் அதியமானின் முன்னோர்கள்தாம் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்கிறார். கள்ளுக்குடத்தையும் கரும்பையும் ஒரே குடும்பத்தின் கையில் வைத்துப் பார்த்திருக்கிறது நம் இலக்கியம்! வள்ளுவர் இதைத் தனித்தனியே பிரித்துவிட்டார்: 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல், 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை.

போதை தரும் பானமும் போதை தராத பானமும் மொழியில்கூட அண்டை வீட்டுக்காரர்கள்தாம். நாம் 'சர்பத்' என்கிறோமே, அது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். குடித்தல் என்று பொருள்படும் அதே அரபி வேரிலிருந்துதான் மதுவைக் குறிக்கும் 'ஷராப்' என்ற சொல்லும் பிறந்தது. வடமொழியில் 'மது' என்றால் தேன். கலயத்திலோ இன்னும் நெருக்கம். பனம்பாளையைச் சீவி ஊறும் சாறு ஒன்றேதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். காற்றில் வரும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றாமல் அந்தச் சுண்ணாம்பு தடுத்து நிறுத்துகிறது. மரம் ஏறுகிறவர் கையில் இருக்கும் ஒரு சிமிட்டாச் சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் இடையில் நின்றது.

இனி வெல்லத்துக்கு வருவோம். ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை அங்கிருந்துதான் வாங்கப்படுகிறது. (அந்தப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.) அந்தப் பக்கத்து ஊர்களில் ஆலை ஓடும் நாளில் ஒரு மைல் முன்னாலேயே பாகு மணக்கும். ஆனால் கோவை இந்தியாவின் இனிப்புக்கே செய்த உதவி, நம் ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாத ஒன்று. 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. டாக்டர் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரும் அவரோடு பணியாற்றிய டி.எஸ். வெங்கட்ராமனும், சாறு மிகுந்த 'வெள்ளை' என்னும் தோட்டக் கரும்பையும், கோவைப் பக்கம் தானாக முளைத்துக் கிடந்த பேய்க்கரும்பையும் இணைத்தார்கள். ஒருவரும் மதிக்காத புல் அது! அப்படிப் பிறந்த 'கோ 205' என்ற ரகம் 1918இல் வெளிவந்து பஞ்சாபின் வயல்களை மாற்றியது. அந்தக் 'கோ' என்பது கோயமுத்தூரின் முதலெழுத்து. 1930களில் உலகப் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாளும் இந்த நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். வடநாட்டில் எந்தக் கடைத்தெருவில் கரும்புச்சாறு குடித்தாலும், அதன் பரம்பரையைத் தோண்டினால் பெரும்பாலும் நம்மூர் மண் ஒட்டியிருக்கும்.

பானகத்தின் சேர்மானம் எளிது. வெல்லம், புளி அல்லது எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, கிள்ளிப்போட்ட துளசி. ராமநவமிக்கு நீர்மோரோடு இதுவும் உண்டு. ஆந்திரத்து மங்களகிரியில் நரசிம்மருக்கே 'பானகால நரசிம்மர்' என்று பெயர். குடம் குடமாகப் பானகம்தான் அங்கே நிவேதனம். நம் பக்கத்தில் அம்மன் நோம்பிகளிலும், பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்களுக்காகப் போடும் பந்தல்களிலும் அண்டாக்களில் கரைத்து வைப்பார்கள். வெயிலில் நடந்து வந்தவனுக்கு இது ஏன் உடனே தெம்பு தருகிறது? வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போகிறது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து சென்றால்தான் தண்ணீர் விரைவாக உள்ளே இழுக்கப்படும். இதை 1960களில்தான் விஞ்ஞானிகள் தெளிவாக நிறுவினார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாம்களில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொண்டு ஏராளமான உயிர்களைக் காத்தார். (பானகமே வயிற்றுப்போக்குக்கு மருந்து என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அதற்கு அளவு முக்கியம்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டமாக அளந்து.)

சிறுவனாக இருந்தபோது விடுமுறைக்கு என் அம்முச்சி ஊருக்குப் போவேன். கரும்பு வெட்டும் காலத்தில் அம்முச்சி பெரிய போசியில் பானகம் கரைப்பார். ஒறம்பரைக்கும் அதே போசி, வெட்டு ஆட்களுக்கும் அதே போசி. இனிப்பிலும் குறைக்கமாட்டார். ஆனால் ஒறம்பரைக்குப் பித்தளை டம்ளர். ஆட்களுக்குத் தேங்காய்த் தொட்டி, அல்லது குவித்த இரு கைகள். உயரத்திலிருந்து ஊற்றுவார், ஒரு சொட்டும் சிந்தாமல் அவர்கள் குடிப்பார்கள். அந்த லாவகத்தை நான் அப்போது வேடிக்கை பார்த்தேன். எத்தனை தலைமுறைப் பழக்கம் அந்தக் கைகளுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது இந்தக் கல்லூரிக்கு வந்து, விடுதியில் எல்லோரும் ஒரே அலுமினிய டம்ளரை மாற்றி மாற்றி எடுத்துக் குடித்த பிறகுதான் உறைத்தது. கொங்கின் விருந்தோம்பலைப் பற்றி மேடையில் பேசுகிற எல்லோரும் பித்தளை டம்ளரைப் பற்றிப் பேசுகிறார்கள். தொட்டியையும் சேர்த்துப் பேசினால்தான் அது வரலாறு.

குடியை எதிர்த்த இயக்கத்திலும் நம் பகுதிக்குப் பெரிய இடம் உண்டு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அப்போது காங்கிரசில் இருந்த பெரியார் தம் தோப்பில் இருந்த ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றார்கள். வீட்டுப் பெண்கள் தெருவுக்கு வந்து கடை வாசலில் நின்றது அன்றைக்குச் சின்ன விஷயமா? பின்னர் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. மாகாணத்திலேயே அதுதான் முதல். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். அதாவது அதியமான் கள் வார்த்த அதே தகடூரில் கள் நின்றது! கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். நாம் ஆளாளுக்கு அலுத்துக்கொள்ளும் விற்பனை வரிக்கு (2017 முதல் அதுவே ஜி.எஸ்.டி.) இந்த நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது நிறுத்தப்பட்ட கள்தான்.

1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டு, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. கள் மட்டும் 1987 முதல் தடையில் இருக்கிறது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை; இந்தப் பக்கம் தென்னை விவசாயி பாளையைத் தொட்டால் வழக்கு. ஆலையில் காய்ச்சிய சரக்கைக் கடை வைத்து விற்றுக்கொண்டே மரத்துக் கள்ளைத் தடுப்பதற்கு என்ன நியாயம் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் 2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அரசு விதிகள் வகுத்துக் கொடுத்தது நல்ல காரியம். பாளையிலிருந்து சொட்டும்போதே குளிர்ப்பெட்டியில் பிடித்துவிட்டால் சுண்ணாம்புகூட வேண்டாம், புளிக்காது.

பானகத்தை ஆசாரத்திலிருந்து விரட்டியது கள்ளும் அல்ல, சாராயமும் அல்ல. காப்பிதான்! நீலகிரியிலும் ஆனைமலையிலும் வெள்ளைக்காரர் போட்ட தோட்டங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஆனாலும் காப்பி முதலில் நகரத்து வீடுகளுக்குத்தான் போனது. நீராகாரம் குடித்த வாய்க்குக் காப்பி வந்துவிட்டதே என்று அக்காலத்துப் பெரியவர்கள் பட்ட கவலையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் (2000) அழகாக எடுத்துக் காட்டியிருக்கிறார். மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம்.

கோவையில் இந்த மாற்றத்தை மில்கள் வேகப்படுத்தின. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்த பிறகு மில்கள் வரிசையாக முளைத்தன. மூன்று ஷிப்டு ஓடும் ஊரில் வெல்லம் கரைத்து வடிகட்டிக் கொண்டிருக்க யாருக்கு நேரம்? ராத்திரி ஷிப்டுக்குத் தூக்கம் வராமல் இருக்க வேண்டும். மில் வாசலில் டீக்கடை, உள்ளே கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்லலாம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இடம் கொடுத்தது. ஒரு தலைமுறையில் "பானகம் குடிக்கிறீங்களா?" போய், "டீயா காப்பியா?" வந்துவிட்டது.

டீக்கடை என்றால் சமத்துவம் என்று நம் வகுப்பறைகளில் படித்தோம். நகரத்தில் ஓரளவு அது மெய். கிராமத்தில் வேறு கதை. தேங்காய்த் தொட்டி போய் இரட்டைக் குவளை வந்தது. உயர்த்தப்பட்டோர்க்குக் கண்ணாடி கிளாஸ். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்க்கு வேறு கிளாஸ், அதையும் அவரே கழுவி வைக்க வேண்டும். கோவை, ஈரோடு மாவட்டக் கிராமங்களில் இது நடந்ததை ஆய்வாளர்களும் இயக்கங்களும் ஊர் ஊராகப் பதிவு செய்திருக்கிறார்கள், மறியலும் நடந்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 1955ஆம் ஆண்டின் சட்டம், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் வந்த பிறகும் அது ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. சில இடங்களில் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் பேப்பர் கப் என்று உருமாறியது. தூக்கி எறிகிற கப்புக்குச் சட்டத்தில் பெயர் தேடுவது கடினம் அல்லவா? இங்கே படிக்கும் தம்பி தங்கையர் தத்தம் ஊர் டீக்கடையில் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வரட்டும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. கோனியம்மன் தேர் மாசியில் ராஜவீதியிலிருந்து புறப்படும். அன்று வழிநெடுக நீர்மோரும் பானகமும் வழங்குவார்கள். 1998இல் குண்டுவெடிப்புகளால் சிதறிப்போன ஊர் இது. அண்மை ஆண்டுகளில் அந்தத் தேரோட்டத்தன்று, ஒப்பணக்காரத் தெருப் பக்கத்து முஸ்லிம் பெருமக்கள் வெயிலில் நின்று பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்ததைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. கூட்டத்தில் யாரும் யாருடைய கை என்று பார்த்து வாங்கவில்லை.

கலர் சோடாக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆங்கிலேயர் ஹைரம் காட் 1870களில் கண்டுபிடித்த கோலி பாட்டில் நம் பெட்டிக்கடை வரை வந்தது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோ நம் கல்யாணங்களில் ஓடியது. கொக்கக் கோலா 1977இல் நாட்டை விட்டுப் போய் 1993இல் திரும்பியது. அதன் பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பானகம் கொடுத்தால் "கஞ்சப் பய" என்று பேர் கிடைக்கும் காலம் வந்தது. பிறகு பெருந்துறை. அங்கே சிப்காட் வளாகத்தில் கொக்கக் கோலா ஆலைக்கு ஒதுக்கிய 71 ஏக்கர் நிலத்தை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2015 ஏப்ரலில் அரசு ரத்து செய்தது. நொய்யலில் சாயக்கழிவு ஓடி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் கழிவுநீர்த் தொட்டியாக நின்றதைப் பார்த்த ஜனங்கள், இன்னொரு ஆலைக்குத் தண்ணீர் தர மறுத்ததில் வியப்பில்லை. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் 2017 மார்ச் 1 முதல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. அந்த வேகம் நீடிக்கவில்லை. ஆனால் கரும்புச்சாறு, நன்னாரி சர்பத், இளநீர் விற்றவர்களுக்கு அந்தக் கோடையில் கொஞ்சம் காசு நின்றது.

பானகத்துக்கு வெல்லத்தைவிட முக்கியம் தண்ணீர். கோவைக்குச் சிறுவாணி நீர் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்துச் சொன்னவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில்தான் அது நிறைவேறியது. ஆர்.எஸ். புரம் என்பது அவர் பெயரே. உப்புத் தண்ணீரில் கரைத்த பானகத்தைக் குடித்தவர்களுக்கே அந்த மனிதர்களின் அருமை தெரியும்.

சரி, செய்முறை. இம்மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இதைத்தான் தேடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். நூறு பேருக்கு, தலைக்கு 200 மி.லி. என்றால் 20 லிட்டர். நல்ல தண்ணீரை மண்பானையில் முதல்நாள் இரவே ஊற்றி வைத்துவிடுங்கள். வெல்லம் மூன்று கிலோ. பளிச்சென்று மஞ்சளாக மின்னும் வெல்லத்தை வாங்காதீர்கள். வெளுப்புக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டிருக்கக்கூடும், சீனியும் கலந்திருக்கக்கூடும். கறுத்துக் கிடப்பதே நல்லது. தட்டிப் போட்டு, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள். கரும்பாலை மண்ணும் தூசும் அடியில் தங்கும். எலுமிச்சை நாற்பது, விதை விழாமல் பிழியவும். புளிதான் வேண்டும் என்கிற பழைய ஆட்கள் கால் கிலோப் புளியை ஊறவைத்துக் கரைத்துச் சேர்க்கலாம். நிறம் சற்று மங்கும், ருசி குறையாது. சுக்குப்பொடி நான்கு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு டீஸ்பூன். ஏலக்காய் ஐம்பது கிராம், தோலோடு நசுக்கி. நன்னாரி வேர் கிடைத்தால் ஒரு பிடியை நசுக்கி, முதல்நாளே பானைத் தண்ணீரில் போட்டுவிடலாம். பச்சைக் கற்பூரம் வேண்டாம். பத்துப் பேருக்குப் பிடித்தால் பத்துப் பேருக்கு மருந்து நாற்றம் அடிக்கும்.

எலுமிச்சையைக் காலையிலேயே பிழிந்து வைத்தால் கசப்பு ஏறிவிடும். ஆட்கள் வரத் தொடங்கும்போது பிழியுங்கள். துளசியைக் கடைசியில், பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு, கையால் கிள்ளிப் போடவும், கத்தி வேண்டாம். மீந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். வெல்லத்தண்ணீர் அல்லவா, கோவை வெயிலில் ஒரே ராத்திரியில் நுரைத்துப் பொங்கிவிடும். அதற்குப் பிறகு அதை எந்த அதிகாரத்தில் சேர்ப்பது என்று வள்ளுவரைத்தான் கேட்க வேண்டும்.